கைக்காசு போடாம ஜெயிச்ச டீச்சர்

1974-ல எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு ராமோன் மகசேசே விருது கிடைச்சது நம்ம பக்கம் நிறைய பேருக்குத் தெரியும். அந்த வருஷ லிஸ்ட்ட சும்மா பார்த்துட்டு இருந்தப்ப அதுல ஒரு ஜப்பான்கார அம்மா பேரு இருந்துச்சு, இச்சிகாவா ஃபுசாயே. விருது வாங்கறப்ப அவங்களுக்கு வயசு 81. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் எலக்‌ஷன்ல சுயேச்சையா நின்னு 19 லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்கி எம்.பி. ஆகியிருந்தாங்க. 81 வயசுல, கட்சி இல்லாம, பணம் இல்லாம 19 லட்சம் ஓட்டு எப்படின்னு தேட ஆரம்பிச்சேன், அப்புறம் விடவே முடியல. தமிழ்ல இவங்களப் பத்தி நான் பெருசா எதுவும் பார்த்ததில்ல, அதான் தெரிஞ்சத எழுதி வைக்கிறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

1893-ல பொறந்தவங்க. நகோயா பக்கத்துல ஐச்சி மாகாணத்துல ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். அப்பா ஒரு வினோதமான ஆளு. நான்தான் படிக்காத விவசாயியா போயிட்டேன், நீங்களாவது படிங்கன்னு புள்ளைங்கள பொண்ணு பையன்னு பார்க்காம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவரு, ஆனா வீட்டுல கோவம் வந்தா விறகுக்கட்டைய எடுத்து பொண்டாட்டிய அடிக்கிறவரும் அவரேதான். அம்மாவ அடிக்கறப்ப இந்தச் சின்னப் பொண்ணு நடுவுல ஓடிப் போய் தடுக்கும். அடி ஓஞ்சதும் அம்மா சொல்லுவாங்களாம், எத்தனையோ தடவ வீட்ட விட்டுப் போயிடலாம்னு நெனச்சேன், உங்களுக்காகத்தான் பொறுத்துட்டு இருக்கேன், பொண்ணா பொறந்தது என் தலவிதின்னு. பொண்ணா பொறந்தா ஏன் இதெல்லாம் பொறுத்துக்கணும்னு அந்த வயசுலயே கேள்வி வந்துடுச்சுன்னு பின்னாடி சுயசரிதையில எழுதியிருக்காங்க. அவங்க வாழ்க்கையில செஞ்ச எல்லாத்துக்கும் மூலம் எதுன்னு என்னைக் கேட்டா அந்த அடுப்படியத்தான் சொல்லுவேன்.

படிச்சது டீச்சர் டிரெய்னிங். ஓகசாகியில ஆரம்பிச்சு நகோயாவுல முடிச்சாங்க. அங்க புதுசா வந்த பிரின்சிபால் பொண்ணுங்கன்னா நல்ல மனைவியா புத்திசாலி அம்மாவா இருக்கணும், அதுக்குத்தான் படிப்புன்னு ஒரேயடியா அத வலியுறுத்த, இந்தம்மா கூடப் படிச்சவங்கள சேர்த்துக்கிட்டு கோரிக்கைப் பட்டியல் போட்டு ஸ்டிரைக் பண்ணிட்டாங்க. 1912-ல, ஒரு பொண்ணுங்க டிரெய்னிங் ஸ்கூல்ல! 1913-ல பாஸ் பண்ணி டீச்சர் வேலைக்கு வந்தா அங்க இன்னொரு பாடம் காத்துட்டு இருந்துச்சு. அதே படிப்பு அதே வேலை, ஆனா ஆம்பள டீச்சருக்கு ஒரு சம்பளம், பொம்பள டீச்சருக்கு அதவிட கம்மி. நாலு வருஷம் வேலை பார்த்தாங்க, உடம்பு சரியில்லாம போச்சு, வேலைய விட்டாங்க. அப்புறம் நகோயாவுல ஒரு பேப்பர்ல நிருபர், அந்தப் பத்திரிகையோட முதல் பெண் நிருபர் இவங்கதான். 1918-ல டோக்கியோவுக்கு கெளம்பிட்டாங்க.

அப்போ ஜப்பான்ல ஒரு சட்டம் இருந்துச்சு, 1900-ல போட்ட போலீஸ் சட்டம். அதோட அஞ்சாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா பொண்ணுங்க அரசியல் கட்சியில சேரக்கூடாது, அரசியல் கூட்டத்துக்குப் போகவும் கூடாது. பேசறத விடுங்க, போய் உக்காந்து கேக்கறதே குத்தம். கட்சியில சேர போலீஸ்காரன், ராணுவத்துக்காரன், டீச்சர்னு பல பேருக்கு தடை இருந்துச்சுன்னாலும் கூட்டத்துல போய் உக்காரவே கூடாதுங்கறது பொண்ணுங்களுக்கும் மைனர் பசங்களுக்கும்தான். அதாவது அறுபது வயசு பாட்டியும் பள்ளிக்கூடப் பையனும் சட்டத்துக்கு ஒண்ணு. 1919 கடைசியில ஹிராட்சுகா ராய்ச்சோங்கற பெண் எழுத்தாளரும் இவங்களும் சேர்ந்து புதுப்பெண்கள் சங்கம்னு ஒண்ண அறிவிச்சாங்க. ரெண்டே கோரிக்கை. ஒண்ணு அந்த அஞ்சாவது பிரிவ திருத்தணும். ரெண்டாவது, பால்வினை நோய் இருக்கற ஆம்பளைங்க அத மறைச்சு கல்யாணம் பண்ண முடியாதபடி சட்டம் வேணும். இந்த ரெண்டாவது கோரிக்கைய இன்னிக்கு வெச்சாலே எத்தனை பேரு முகம் சுளிப்பாங்க, அவங்க 1920-ல பார்லிமென்டுக்கே மனு கொடுத்தாங்க.

1921-ல கீழ்சபை திருத்தத்துக்கு சம்மதிச்சும் மேல இருந்த பிரபுக்கள் சபை அத தூக்கிப் போட்டுடுச்சு. அடுத்த வருஷம், 1922-ல, கூட்டத்துக்குப் போற தடை மட்டும் போச்சு. கட்சியில சேரக்கூடாதுங்கறது அப்படியே இருந்துச்சு. அந்த சட்டம் நிறைவேறினப்ப இச்சிகாவா ஊர்லயே இல்ல, ராய்ச்சோகூட ஒத்துப்போகாம களைச்சுப் போய் 1921-ல அமெரிக்காவுக்கு போயிட்டாங்க. அங்க வீட்டு வேலை செஞ்சு பொழச்சுக்கிட்டே பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கங்கள்னு சுத்திப் பார்த்தாங்க. அங்க பெண்கள் ஓட்டுரிமைக்கு போராடின ஆலிஸ் பால இவங்க சந்திச்சாங்க, அவங்க சொன்னது, வேற எல்லாத்தையும் மத்தவங்க பார்த்துப்பாங்க, நீ ஓட்டுரிமை ஒண்ணப் புடின்னு. 1924 ஜனவரியில திரும்பி வந்தப்ப டோக்கியோ பூகம்பத்துல பாதி அழிஞ்சு கெடக்குது. உலகத் தொழிலாளர் அமைப்போட டோக்கியோ ஆபீஸ்ல வேலை, மிச்ச நேரமெல்லாம் ஓட்டுரிமை. அந்த வருஷ டிசம்பர்லயே அதுக்குன்னு தனி சங்கம் ஆரம்பிச்சாச்சு, மூணு வருஷத்துல சம்பள வேலையையும் விட்டுட்டு முழுநேரமா இறங்கிட்டாங்க.

1925-ல 25 வயசு தாண்டின ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு வந்துச்சு. பொண்ணுங்களுக்கு இல்ல. 1930, 1931 ரெண்டு வருஷமும் உள்ளாட்சி அளவுலயாவது ஓட்டு கொடுக்கலாம்னு கீழ்சபை வரைக்கும் வந்து, 1931-ல மறுபடியும் அதே பிரபுக்கள் சபையில செத்துப் போச்சு. குடும்பம்ங்கற அமைப்பு என்னாகும்னு அந்த பிரபுக்களுக்கு கவலை. அதே 1931 செப்டம்பர்ல சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியாவுல ஜப்பான் ராணுவம் இறங்கிடுச்சு, அதுக்கப்புறம் ஓட்டுரிமைன்னு பேசறதுக்கே காத்து இல்ல. சங்கத்துப் பொண்ணுங்க சும்மா இருக்கல, டோக்கியோ நகரத்துல கேஸ் விலைய குறைக்கச் சொல்லி போராடினாங்க, குப்பைப் பிரச்சனைக்கு வீடு வீடா பேசினாங்க, ஓட்டு விக்கற பழக்கத்துக்கு எதிரா பிரச்சாரம் பண்ணாங்க. ஓட்டே இல்லாதவங்க ஓட்ட விக்காதீங்கன்னு ஆம்பளைங்ககிட்ட போய் சொல்லிட்டு இருந்திருக்காங்க, எனக்கு இத படிச்சப்ப மனசு ரொம்ப கனத்துச்சு.

இனி வர்ற பகுதிய மறைச்சுட்டு எழுதறவங்க உண்டு, எனக்கு அது பிடிக்கல. 1937-ல சீனாவோட முழுப் போர் ஆரம்பிச்சதும் இச்சிகாவா தனக்கு முன்னாடி மூணு வழி இருந்துச்சுன்னு எழுதறாங்க. போரை வெளிப்படையா எதிர்த்து ஜெயிலுக்குப் போறது, இயக்கத்த விட்டே ஒதுங்கிடறது, இல்ல ஓரளவுக்கு அரசாங்கத்தோட ஒத்துப் போய் பொண்ணுங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமான்னு பாக்கறது. மூணாவதத்தான் எடுத்தாங்க. 1940-ல தான் கட்டின ஓட்டுரிமைச் சங்கத்த தானே கலைச்சாங்க. அரசாங்கக் கமிட்டிகள்ல உக்காந்தாங்க, 1942-ல போர் ஆதரவு எழுத்தாளர்கள் சேர்ந்த தேசபக்தி பேச்சு அமைப்புல டைரக்டர்கள்ல ஒருத்தரா, ஒரே பொண்ணா, பேரு கொடுத்தாங்க. சிக்கனமா இருங்க, சேமிங்க, வீட்டுல இருந்து போருக்கு உதவுங்கன்னு ஊர் ஊரா பேசினாங்க. அந்தப் போர்ல சீனாவுல, கொரியாவுல எத்தனை பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு நமக்குத் தெரியும். அவங்க நல்லெண்ணத்துலதான் போனாங்கன்னு நான் நம்பறேன், ஆனா அது போதாது, அந்த மூணாவது வழி தப்பான வழி. வயசான காலத்துல ஒரு பேட்டியில இதப் பத்தி கேட்டப்ப, ஓரளவு ஒத்துழைச்சது உண்மை, அதோட பொறுப்ப உணர்றேன், ஆனா அத அவமானமா நெனைக்கலங்கற மாதிரி பதில் சொல்லியிருக்காங்க. அந்தப் பதிலோட கடைசிப் பாதிய என்னால ஏத்துக்க முடியல. மழுப்பாம சொன்னாங்கங்கறத மட்டும் மதிக்கிறேன், அவ்வளவுதான்.

1945 ஆகஸ்ட் 15 போர் முடிஞ்சுது. ஆகஸ்ட் 25, பத்தே நாள், டோக்கியோ சாம்பலா கெடக்கறப்ப இந்தம்மா பொண்ணுங்கள கூட்டி போருக்குப் பின்னாடி என்ன செய்யணும்னு ஒரு கமிட்டி போட்டுட்டாங்க, முதல் கோரிக்கை ஓட்டுரிமை. எல்லாரும் போருக்கப்புறம் ஜப்பான நிர்வாகம் பண்ண அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர்தான் ஜப்பான் பொண்ணுங்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தாருன்னு சொல்றத இவங்க கடைசி வரைக்கும் ஒத்துக்கல. அதுக்கு காரணமும் இருக்கு. அப்போ பிரதமரா இருந்த ஷிடெஹாராவோட அமைச்சரவையில அக்டோபர் 10-ந் தேதி வாக்குல உள்துறை அமைச்சர் ஹொரிகிரி சொல்லி பொண்ணுங்களுக்கு ஓட்டு கொடுக்க முடிவு எடுத்தாச்சு, மெக்ஆர்தரோட அஞ்சு அம்ச உத்தரவு வந்தது 11-ந் தேதி. ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனா அந்த ஒரு நாளுக்குப் பின்னாடி இருபத்தஞ்சு வருஷ மனு, கூட்டம், தோல்வி எல்லாம் இருக்கு. அமெரிக்கப் படை வந்திறங்கலேன்னா அந்த அமைச்சரவை அவ்வளவு வேகமா முடிவெடுத்திருக்குமான்னு கேட்டா எனக்கு சந்தேகம்தான். ஆனா கூரை பிச்சுக்கிட்டு கொட்டின வரம்னு சொல்றதும் அநியாயம்.

1946 ஏப்ரல் 10, முதல் தடவையா பொண்ணுங்க ஓட்டு போட்ட நாள். சுமார் 1 கோடியே 38 லட்சம் பொண்ணுங்க ஓட்டு போட்டாங்க, 79 பேர் நின்னு 39 பேர் ஜெயிச்சாங்க. அன்னிக்கு இச்சிகாவாவும் ஓட்டு போடப் போனாங்க. வாக்காளர் பட்டியல்ல அவங்க பேரு இல்ல! போர் சமயத்துல டோக்கியோவ விட்டு கிராமப் பக்கம் போய் இருந்ததுல பட்டியல்ல விட்டுப் போச்சு. தன் வயசுல பாதிய இந்த ஓட்டுக்காகவே கழிச்சவங்க, அன்னிக்கு ஓட்டுச்சீட்ட கையில வாங்காமலே திரும்ப வேண்டியதாச்சு.

1947-ல மேல்சபைக்கு நிக்கலாம்னு தயாரானப்ப அமெரிக்க நிர்வாகம் அவங்கள பொதுவாழ்க்கையில இருந்தே தடை பண்ணிடுச்சு, காரணம் அந்தப் போர்க்கால டைரக்டர் பதவி. 1947 மார்ச்ல இருந்து 1950 அக்டோபர் வரைக்கும் தடை. அந்த வருஷங்கள்ல கோழி வளர்த்து காய்கறி போட்டு பொழச்சாங்க. பொண்ணுங்க கையெழுத்து வாங்கி தடைய நீக்கச் சொல்லி மனு கொடுத்தும் உடனே நடக்கல.

1953-லதான் அவங்க நெஜமாவே தேர்தல்ல நின்னாங்க, மேல்சபைக்கு, டோக்கியோ தொகுதியில. நான் இந்தப் பதிவு எழுதறதே முக்கியமா இந்த இடத்துக்காகத்தான். நிக்க ஆசைப்படறவங்கள விட நிக்க வைக்கணும்னு ஜனங்க ஆசைப்படறவங்க, இதுதான் அவங்க ஆளுங்க பிடிச்ச கோஷம். அத வெறும் கோஷமா வெச்சுக்காம அப்படியே நடத்திக் காட்டினாங்க. எப்படின்னா, வேட்பாளர நிக்க வைக்கறவங்கதான் செலவையும் ஏத்துக்கணும், வேட்பாளர் கைக்காசு போடக்கூடாது. மைக் செட்டு கட்டின லாரியில தெருத்தெருவா பேர கத்திட்டுப் போறது, ஜப்பான் எலக்‌ஷன்னாலே அதுதான், அது கிடையாது. பேச்சுக் கூட்டம், சட்டப்படி கிடைக்கிற இடம், தானா வந்து வேலை செய்யற ஆளுங்க, அவ்வளவுதான். வந்த காசு எவ்வளவு போன காசு எவ்வளவுன்னு கணக்க வெளிய வெச்சாங்க. எந்தக் கட்சியிலயும் சேரல. ஜெயிச்சாங்க. 1959-ல ஜெயிச்சாங்க, 1965-ல ஜெயிச்சாங்க, எல்லாமே இதே முறையிலதான்.

இத எல்லாரும் செய்ய முடியுமா, இச்சிகாவா மாதிரி முப்பது வருஷப் பேரு இருந்தாத்தானே முடியும்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா எனக்கு தோணறது, செலவு பண்ணாம ஜெயிக்க முடியாதுன்னு எல்லாரும் ஒரு உண்மை மாதிரி சொல்லிட்டு இருக்கறப்ப ஒரே ஒரு ஆள் ஜெயிச்சுக் காட்டினாலும் அந்த உண்மையில ஓட்டை விழுந்துடுது இல்லையா? அந்த ஓட்டைய அவங்க திரும்பத் திரும்ப போட்டுட்டே இருந்தாங்க.

சபைக்குள்ள அவங்க செஞ்சதுல முக்கியமானது விபச்சாரத் தடைச் சட்டம். கட்சி பேதம் பார்க்காம பெண் எம்.பி.க்கள் எல்லாரும் சேர்ந்து திரும்பத் திரும்ப மசோதா கொண்டு வந்து, தோத்து, கடைசியா 1956-ல நிறைவேறிச்சு, தண்டனைப் பகுதி 1958-ல அமலுக்கு வந்துச்சு. சட்டத்துல குறை நிறைய இருக்கு, விக்கப்படற பொண்ணத்தான் அது புடிக்குது, வாங்கற ஆம்பளைய விட்டுடுதுன்னு இன்னிக்கு வரைக்கும் விமர்சனம் இருக்கு, அது சரியான விமர்சனம்தான். ஆனா கடனுக்கு ஈடா பொண்ணுங்கள அடைச்சு வெச்சு நடத்தின அந்தப் பழைய தெருக்கள சட்டப்படி மூடினது அதுதான்.

1971-ல தோத்துட்டாங்க. 78 வயசு, சரி போதும்னுதான் இருந்தாங்க. 1974 தேர்தல் வர்றப்ப சில இளைஞர்கள் வந்து நீங்க நிக்கணும்னு கேட்டாங்க. வேண்டாம்னாங்க. பசங்க டெபாசிட் பணத்த தாங்களே திரட்டி, நீங்க சொன்ன கொள்கைப்படி நாங்கதான் உங்கள நிக்க வைக்கறோம்னு வந்து நின்னாங்க, அவங்க சொன்னத அவங்ககிட்டயே திருப்பி சொன்னா எப்படி மறுக்க முடியும்? இந்தத் தடவ தேசியத் தொகுதி, அப்போ மேல்சபையில ஜப்பான் முழுக்க ஒரே தொகுதியா ஒண்ணு இருந்துச்சு, யாரு வேணா சுயேச்சையா நிக்கலாம், ஜனங்க ஆளோட பேர எழுதி ஓட்டு போடணும். 19 லட்சத்துக்கு மேல வாங்கி நாடு முழுக்க ரெண்டாவது இடம். முதல் இடம் வந்தவரு ஜப்பானோட பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.-ல அறிவிப்பாளரா இருந்து டிவியில பேமஸானவரு. அந்தப் பசங்கள்ல தேர்தல் ஆபீஸ பார்த்துக்கிட்டவரு கான் நவோதோ, 2010-ல ஜப்பான் பிரதமர் ஆனாரு, பதவியேத்து பார்லிமென்ட்ல பேசின முதல் கொள்கைப் பேச்சுலயே தன் அரசியலோட ஆரம்பம் அந்த இச்சிகாவா தேர்தல்னு சொன்னாரு.

ஜெயிச்ச கையோட அவங்க போனது பெரிய கம்பெனிகளோட கூட்டமைப்பான கெய்தான்ரென் ஆபீசுக்கு. கட்சிகளுக்கு கம்பெனிகள்கிட்ட இருந்து பணம் வசூல் பண்ணிக் கொடுக்கறத நிறுத்துங்கன்னு அதோட தலைவர் தோக்கோவ நேர்ல பார்த்து கேட்டாங்க, கூட்டமைப்பு அந்த வசூல் வேலைய நிறுத்தறோம்னு அறிவிச்சுச்சு. அது நிரந்தரமா நிக்கல, பணம் வேற வழியில போச்சு. அதுக்காக இவங்களும் விடல. 1979 தேர்தல்ல ஊழல்ல மாட்டின எம்.பி.க்கள தோக்கடிங்கன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு 86 வயசுல தலைமை ஏத்தாங்க. அப்படி மாட்டினவங்கள்ல மாட்சுனோ ராய்சோ குமாமோட்டோவுல தோத்தாரு. அமெரிக்க விமானக் கம்பெனி லாக்ஹீட்கிட்ட லஞ்சம் வாங்கின வழக்குல சிக்கின முன்னாள் பிரதமர் தானாகா காக்குவே நீகாட்டாவுல சொகமா ஜெயிச்சாரு. ரோடும் பாலமும் சுரங்கப்பாதையும் போட்டுக் கொடுத்தவர அந்த ஊர்க்காரங்க விடுவாங்களா என்ன.

1980-ல மறுபடியும் நின்னாங்க, 87 வயசு. 27 லட்சத்து 84 ஆயிரம் ஓட்டு, இந்தத் தடவ நாட்டுலயே முதல் இடம்! அப்போ எடுத்த போட்டோக்கள தேடிப் பாருங்க, நரைச்ச குட்டை முடி, மேக்கப் கிடையாது, சாதாரண கோட்டு, சிரிச்சா முகமெல்லாம் சுருக்கம். அதே வருஷம் ஜூலையில பெண்களுக்கு எதிரான பாகுபாட்ட ஒழிக்கற ஐ.நா. ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு அரசாங்கம் இழுத்தடிச்சப்ப, நாற்பதுக்கு மேல பெண்கள் அமைப்புகள ஒண்ணா நிறுத்தி இவங்க நெருக்குனாங்க. கோபன்ஹேகன்ல ஜப்பானோட முதல் பெண் தூதர் தாகாஹாஷி நொபுகோ கையெழுத்து போட்டாங்க. அந்தக் கையெழுத்துக்கு ஏத்த மாதிரி நாட்டுச் சட்டங்கள மாத்தியாகணும்ங்கற கட்டாயத்துலதான் 1985-ல வேலை வாய்ப்புல சமத்துவச் சட்டம் வந்துச்சு, அம்மா ஜப்பான்காரியா இருந்தாலும் குழந்தைக்கு குடியுரிமை உண்டுன்னு குடியுரிமைச் சட்டமும் மாறிச்சு. அதப் பார்க்க இவங்க இல்ல, 1981 பிப்ரவரி 11-ல எறந்துட்டாங்க, எம்.பி.யா இருக்கறப்பவே.

கடைசியா ரெண்டு விஷயம். 1946-ல 39 பொண்ணுங்க கீழ்சபைக்கு ஜெயிச்சாங்கன்னு சொன்னேன்ல, அந்த எண்ணிக்கைய தாண்டறதுக்கு 2005 வரைக்கும் ஆச்சு, அப்ப 43 பேர். கிட்டத்தட்ட அறுபது வருஷம்! 2024 தேர்தல்ல 465-ல 73 பேர். 2025 அக்டோபர்ல ஒரு பொண்ணு பிரதமராவே வந்தாச்சு, ஆனா சபையில உக்காந்திருக்கறவங்கள எண்ணிப் பார்த்தா ஆறுல ஒரு பங்கு கூட இல்ல.

இன்னொண்ணு அந்த தேசியத் தொகுதி. இச்சிகாவா எறந்த அடுத்த வருஷமே, 1982-ல, சட்டத்த மாத்தி அத கட்சிப் பட்டியல் முறையா ஆக்கிட்டாங்க, 1983 தேர்தல்ல இருந்து ஜனங்க ஆளோட பேருக்கு பதிலா கட்சியோட பேர எழுத வேண்டியதாச்சு. அவ்வளவு பெரிய தொகுதியில ஆளுக்கு ஆள் நின்னா செலவு எக்கச்சக்கமா ஆகுதுங்கறதுதான் அதுக்கு பெருசா சொன்ன காரணம். அந்தத் தொகுதியில கைக்காசு போடாம முதல் இடம் வந்த ஒரு கிழவி செத்து ரெண்டு வருஷம் கூட ஆகல.